டொபேகோவிலிருந்து பர்மிங்காம்: டுவைட் யார்க்கின் முதல் ஆறு சீசன்கள்

இந்த எண்களை ஒரு தடவை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: 2, 18, 32, 27, 12, 37.

டுவைட் யார்க் என்ற பையன் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருக்கும் ஆஸ்டன் வில்லா கிளப்புக்கு வந்த பிறகு முதல் ஆறு சீசன்களில் ஆடிய லீக் ஆட்டங்கள் இவை. அதே வரிசையில் அவன் போட்ட கோல்கள்: 0, 2, 11, 6, 2, 6. மொத்தம் 128 ஆட்டம், 27 கோல். முன்களத்தில் ஆடும் ஒருவனுக்கு இது பெருமைப்படும் கணக்கு இல்லை. ஆனால் அடுத்த மூன்று சீசன்களில் 102 ஆட்டங்களில் 46 கோல். அப்புறம் 1 கோடியே 26 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட். அங்கே முதல் வருடமே லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் என மூன்று பட்டங்கள்.

பலரும் இந்தப் பின்பாதியைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த முதல் ஆறு எண்கள்தான் முக்கியம். அதிலும் அந்த 12. நன்றாக ஏறிக்கொண்டிருந்த ஒரு வரிசை நடுவில் ஏன் அப்படிச் சரிந்தது, சரிந்த பிறகும் அந்தப் பையன் ஏன் காணாமல் போகவில்லை? சின்னத் தீவிலிருந்து கிளம்பும் ஒரு கால்பந்து வீரனின் தொடக்க காலத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை ரொம்பச் சுருக்கமானது. ஓர் ஆங்கில மேனேஜர் கரீபியத் தீவுக்குப் போனார், ஒரு பையனைப் பார்த்தார், கூட்டிக்கொண்டு வந்தார், அவன் நட்சத்திரமானான். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் இருந்த பத்து வருடமும், பின்னால் வந்த ஆறு வருடமும் இந்தக் கதையில் இல்லை.

கானான் என்ற ஊர்

டிரினிடாட் அண்ட் டொபேகோ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒரே நாடுதான். ஆனால் ஒரே மாதிரியான தீவுகள் இல்லை. டிரினிடாட்டில் எண்ணெய் இருக்கிறது, தலைநகர் இருக்கிறது, மக்கள்தொகையில் பெரும்பங்கு இருக்கிறது. டொபேகோ சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காலையில் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். டொபேகோக்காரன் தேசிய அணியில் இடம் பிடிக்கவேண்டும் என்றால் முதலில் கடலைத் தாண்டித் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குப் போகவேண்டும். தேசிய அணியே பக்கத்துத் தீவில் இருக்கிறது என்பது பெரிய நாடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம்.

யார்க் பிறந்தது 1971 நவம்பர் 3 அன்று, டொபேகோவின் தென்மேற்கில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கானான் என்ற ஊரில். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். வசதியான குடும்பம் இல்லை. விளையாட்டு மட்டும் வீட்டில் குறையவில்லை. அண்ணன் தம்பிகளில் ஒருவரான கிளின்ட் யார்க் பின்னாளில் டிரினிடாட் அண்ட் டொபேகோவுக்காக முதல்தரக் கிரிக்கெட்டே ஆடியிருக்கிறார்.

அந்த நாட்டுத் தெருக்களில் ‘ஸ்மால் கோல்’ என்று ஓர் ஆட்டம் உண்டு. கோல் கம்பமெல்லாம் கிடையாது. இரண்டு கல்லோ இரண்டு செருப்போ போதும். நடுவில் சின்ன இடைவெளி, கோல்கீப்பர் இல்லை. இடைவெளி அவ்வளவு குறுகலாக இருப்பதால் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்து லாபம் இல்லை. பந்தைக் காலிலேயே வைத்திருந்து, எதிராளியை ஒரு பக்கம் சாய வைத்து, மெல்லத் தட்டி உள்ளே அனுப்பவேண்டும். 1998 மே மாதம் அர்செனலுக்கு எதிராக ஒரு பெனால்டி. எதிரே இங்கிலாந்து கோல்கீப்பர் டேவிட் சீமன். எல்லாரும் ஓங்கி உதைக்கும் இடத்தில் யார்க் பந்தின் அடியில் மெல்லக் கிள்ளி, நடுவில் மிதக்கவிட்டார். வில்லா 1-0 என வென்றது. அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருப்புக் கோல்தான் ஞாபகம் வருகிறது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்ப்பது என் ஊகம்தான். ஆனால் அப்படி ஒரு தைரியம் பயிற்சி மைதானத்தில் மட்டும் வருவதில்லை.

பள்ளி என்ற ஒரே ஏணி

டிரினிடாட் அண்ட் டொபேகோவில் தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்கியது 1999-ல். யார்க் வளர்ந்த எண்பதுகளில் அப்படி எதுவும் கிடையாது. ஆட்டத்தையே தொழிலாக வைத்து உள்ளூரில் சம்பாதிக்கும் வழி ஒரு சிறுவனின் கண்ணில் படவே படாது. இருந்த ஒரே ஒழுங்கான அமைப்பு பள்ளிக் கால்பந்து. அதனால் அங்கே பள்ளிப் பயிற்சியாளர் என்பவர் வெறும் விளையாட்டு ஆசிரியர் இல்லை. அகாடமி, திறமையைத் தேடிப் பிடிக்கும் ஸ்கவுட், சில சமயம் கார்டியன் என எல்லாமே அவர்தான்.

டொபேகோவில் அந்த ஆள் பெர்ட்டில் செயின்ட் கிளேர். சிக்னல் ஹில் மேல்நிலைப் பள்ளியின் பயிற்சியாளர். கண்டிப்பானவர் என்று பெயர். யார்க்கைச் சின்ன வயதிலேயே தன் கையில் எடுத்துக்கொண்டு செதுக்கியவர் அவர். பின்னாளில் தேசிய அணிக்கே பயிற்சியாளரானார். 2000-ல் அந்த அணி, வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான கோல்ட் கப் போட்டியில் அரையிறுதி வரை போனது அவர் காலத்தில்தான். இவ்வளவு செய்தவரின் பெயர் யார்க்கைப் பற்றிய பல கட்டுரைகளில் ஒரு வரிகூட இடம்பெறுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். ஒரு மேனேஜர் வந்து பார்த்த அந்த நாளில், பார்க்கத் தகுந்த ஓர் ஆட்டக்காரன் அங்கே நின்றுகொண்டிருந்தான் என்றால் அதற்குக் காரணம் செயின்ட் கிளேர்.

வந்து பார்த்தவர் வில்லாவின் அன்றைய மேனேஜர் கிரகாம் டெய்லர். 1989-ல் ஆஸ்டன் வில்லா அணி அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் போனபோது டொபேகோவில் ஓர் ஆட்டம் நடந்தது. அதில்தான் யார்க் அவர் கண்ணில் பட்டான். டெய்லருக்குக் கரீபியத் திறமை புதிதல்ல. ஜமைக்காவில் பிறந்து சிறுவனாக லண்டனுக்கு வந்த ஜான் பார்ன்ஸ், வாட்ஃபோர்ட் அணியில் 17 வயதில் அறிமுகமானது இதே டெய்லரிடம்தான். ஆனால் பார்ன்ஸ் ஏற்கெனவே லண்டனில் வசித்தவர். தீவிலேயே இருக்கும் ஒரு பள்ளிப் பையனைக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவருவது அன்றைக்கு எந்த ஆங்கில கிளப்புக்கும் வழக்கமான காரியம் இல்லை. வேலை அனுமதி வாங்கவேண்டும். தவிர, அவன் ஆடிய ஆட்டங்களின் தரத்தை எதோடு ஒப்பிடுவது என்பதே தெரியாது.

1989 நவம்பர் 19

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் ஆகவேண்டும்.

கையெழுத்து ஆவதற்கு முன்னால் யார்க் தன் நாட்டின் மிகப்பெரிய ஆட்டத்தை ஆடி முடித்திருந்தான். 1990 இத்தாலி உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரணி அமெரிக்கா. இடம் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் தேசிய அரங்கம். இன்று அதற்கு 1976 ஒலிம்பிக் 100 மீட்டர் சாம்பியன் ஹேஸ்லி கிராஃபர்டின் பெயர். உள்ளூர் அணிக்கு வெற்றிகூட வேண்டாம், டிரா போதும். டிரா ஆனால் பத்துப் பன்னிரண்டு லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்த நாடு முதல் தடவையாக உலகக் கோப்பைக்குப் போகும். அமெரிக்காவுக்கோ ஜெயித்தே ஆகவேண்டும்; 1950-க்குப் பிறகு அது உலகக் கோப்பையைப் பார்க்கவில்லை. மே மாதம் கலிஃபோர்னியாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1. அதில் கடைசி நிமிடங்களில் ஹட்சன் சார்ல்ஸ் சமன் செய்த அந்தக் கோல்தான் இந்த நம்பிக்கையை உயிரோடு வைத்திருந்தது.

அணியை ‘ஸ்ட்ரைக் ஸ்குவாட்’ என்று அழைத்தார்கள். பயிற்சியாளர் எவரால்ட் கம்மிங்ஸ். கேலி கம்மிங்ஸ் என்றால்தான் அங்கே தெரியும். அரங்கம் முழுக்கச் சிவப்பு. 30,000 பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 18 வயது முடிந்து பதினாறு நாள் ஆன யார்க்கும், மூன்று வயது மூத்த ரசல் லாட்டாபியும் களத்தில்.

சுமார் அரை மணி நேரம் ஆன சமயம். அமெரிக்காவின் பால் கலிஜூரி நடுக்களத்தில் பந்தை வாங்கி, ஒருவரைத் தாண்டி, இடது காலால் தூரத்திலிருந்து அடித்தார். அது மின்னல் வேகத்தில் போன பந்து இல்லை. உயரே எழும்பி, கோல்கீப்பர் மைக்கேல் மாரிஸின் கை எட்டாத இடத்தில் சட்டென்று இறங்கியது. பழைய வீடியோவில் அந்தப் பந்து காற்றில் இருக்கும் நேரத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெளியே போய்விடாதா என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. மீதமிருந்த ஒரு மணி நேரத்தில் பதில் கோல் வரவில்லை. 0-1.

தோற்ற பிறகும் அந்தக் கூட்டம் கலவரம் செய்யவில்லை. அமெரிக்கர்களுக்குக் கைதட்டினார்கள். அந்தப் பெருந்தன்மைக்காக ஃபிஃபா அந்த வருடத்தின் நேர்மை விருதை டிரினிடாட் அண்ட் டொபேகோ ரசிகர்களுக்கே கொடுத்தது.

இந்தக் கதைக்கு இந்த நாள் ஏன் முக்கியம்? அடுத்த மாதமே, 1989 டிசம்பரில், யார்க் வில்லாவின் வீரன் ஆனான். விலை 1,20,000 பவுண்டு. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தால் ஒரு ஹீரோவாகப் போயிருப்பான். போனதோ, ஒரு நாடே அழுத மறுமாதம், பர்மிங்காமின் குளிர்காலத்துக்குள். சொந்த ஊரிலிருந்து சுமார் 7,000 கிலோமீட்டர். டொபேகோவில் அவன் பெயர் தெரியாதவர் இல்லை. பர்மிங்காமில் தெரிந்தவர் இல்லை. 18 வயதில் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்குவது சின்ன விஷயம் இல்லை.

யாருடைய ஆள்?

1990 மார்ச் 24. கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக முதல் லீக் ஆட்டம். வில்லா 0-1 என்று தோற்றது. அந்த சீசனில் இன்னும் ஓர் ஆட்டம், அவ்வளவுதான். வில்லா லிவர்பூலுக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் முடிந்தது.

அந்தக் கோடையில் டெய்லர் இங்கிலாந்து தேசிய அணியின் மேனேஜராகக் கிளம்பிவிட்டார்.

இளம் வீரர்களின் கதைகளில் நாம் போதிய கவனம் கொடுக்காத இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மேனேஜர் தன் கண்ணை நம்பித் தூரத்துத் தீவிலிருந்து ஒருவனைக் கொண்டுவருகிறார். ஆறு மாதத்தில் அவர் போய்விடுகிறார். வந்தவன் இப்போது யாருடைய ஆள்? புதிதாக வந்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் யோசஃப் வெங்லோஷ். அவருக்கே இங்கிலாந்து புதுசு. அவர் சீசனில் யார்க்குக்கு 18 ஆட்டம், 2 கோல். அணி அடிமட்டத்துக்குப் பக்கத்தில் தத்தளித்தது. அப்படிப்பட்ட அணியில் கற்றுக்கொள்ளும் பையனுக்கு நேரம் கிடைக்காது. அந்த ஆரம்ப நாட்களில்தான் டாமி டாக்கர்டி, வில்லாவுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் முன்னாள் மேனேஜர், இந்தப் பையன் முதல் டிவிஷன் (அன்றைக்கு இங்கிலாந்தின் உச்ச லீக்) வீரனாகிவிட்டால் என் பெயர் மா சே துங் என்று சொன்னார். சொன்னவர் ஆட்டம் தெரிந்தவர். அவர் பார்த்த யார்க் உண்மையிலேயே முழுமையாகாத ஆட்டக்காரன்தான்.

1991-ல் ரான் அட்கின்சன் வந்தார். யார்க் 32 ஆட்டம் ஆடி 11 கோல் போட்டான். வயது 20. அதே வருடம் போர்ச்சுகலில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டிக்கும் தன் நாட்டுக்காகப் போய்வந்திருந்தான். நாடு முதல் சுற்றோடு வெளியேறியது. சரி, இனி ஏறுமுகம்தான் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

ஏறவில்லை. 1992-ல் லிவர்பூலிலிருந்து டீன் சாண்டர்ஸ் வந்தார், சுமார் 23 லட்சம் பவுண்டுக்கு. டாலியன் அட்கின்சன் ஏற்கெனவே இருந்தார். இருவரும் சேர்ந்து ஆடியபோது வில்லா முதல் பிரீமியர் லீக்கில் இரண்டாம் இடம் வரை போனது. அப்படி ஓடும் ஜோடியை எந்த மேனேஜரும் பிரிக்கமாட்டார். யார்க்குக்குக் கிடைத்ததெல்லாம் கோட்டோரமான விங், அல்லது மாற்று வீரர்கள் உட்காரும் பெஞ்ச். 1993-94 சீசனில் 12 லீக் ஆட்டம், 2 கோல்.

அந்த சீசன் முடிந்த அடுத்த மாதம், 1994 ஜூன் 6 அன்று, அதே பர்மிங்காமில், எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில், வார்விக்‌ஷயருக்காக ஆடிய பிரையன் லாரா டர்ஹம் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 501 ரன் எடுத்தார். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஆன்டிகுவாவில் 375. அந்த 501-ஐ நம் பக்கத்தில் கிரிக்கெட் பார்க்கும் யாரும் மறக்கமாட்டார்கள். லாராவும் யார்க்கும் நெருங்கிய நண்பர்கள். ஒரே நாடு, இப்போது ஒரே ஊர். ஒருவர் உலகத்தின் உச்சியில். இன்னொருவருக்கு 22 வயது, போன சீசன் முழுக்கச் சேர்த்தாலும் 12 ஆட்டம். அந்தக் கோடையில் யார்க்கின் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இடம் மாறியது

யார்க் ஏன் முதலிலேயே ஜொலிக்கவில்லை என்பதற்கு என் பதில் இது: அவனை நிறுத்திய இடம் தவறு. வேகமும் கால்வித்தையும் இருந்த கரீபியப் பையன் என்றதும் கோட்டோரத்தில் விங்கராக நிறுத்திவிட்டார்கள். அது அந்தக் கால ஆங்கிலக் கால்பந்தின் பழக்கம். ஆனால் யார்க்கின் அசல் பலம் வேறு. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, வரும் பந்தை மார்பிலோ தொடையிலோ வாங்கி அடக்கி, பின்னால் இருக்கும் டிஃபென்டர் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று உடம்பாலேயே உணர்ந்து மறுபக்கம் திரும்புவது. உயரம் அதிகமில்லை; ஆனால் எம்பினால் ஆறடிக்காரர்களுக்கு மேலே தலை தெரியும். கோட்டோரத்தில் இந்தத் திறமைக்கெல்லாம் வேலை இல்லை.

1994 நவம்பரில் மேனேஜர் ரான் அட்கின்சன் போய் பிரையன் லிட்டில் வந்தார். யார்க் பார்த்த நாலாவது மேனேஜர். அந்த சீசனில் வில்லா தரமிறக்கத்திலிருந்து மயிரிழையில் தப்பியது. யார்க் 37 ஆட்டம் ஆடினான், 6 கோல்தான். ஆனாலும் லிட்டில் அவனைக் கைவிடவில்லை. 1995 கோடையில் சாண்டர்ஸும் டாலியன் அட்கின்சனும் துருக்கிக்குப் போனார்கள்; ஒருவர் கலாட்டாசராய், இன்னொருவர் ஃபெனர்பாச்சே. நடுவில் இரண்டு இடம் காலி. ஒன்றுக்கு செர்பியாவிலிருந்து சாவோ மிலோஷெவிச். இன்னொன்று யார்க்குக்கு. மிலோஷெவிச் உயரமானவர், மத்திய டிஃபென்டர்கள் அவரைச் சுற்றியே நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் திறக்கும் அந்தச் சின்ன இடைவெளி யார்க்குக்குப் போதும்.

1995 செப்டம்பர் 30, கோவென்ட்ரியில் ஆட்டம் தொடங்கி 13 விநாடியில் யார்க் கோல் போட்டார். இனி ‘போட்டார்’ என்றே எழுதுகிறேன். இந்த சீசனில்தான் அந்தப் பையன் ஆளானார். லீக்கில் 17 கோல், வில்லா நாலாம் இடம். லீக் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் அர்செனல் தன் மைதானத்தில் 2-0 என்று முன்னால் இருந்தது. இரண்டும் பெர்க்காம்ப் போட்டவை. யார்க் இரண்டு போட்டுச் சமன் செய்தார். மறு ஆட்டம் 0-0. மொத்த கோல் சமமானால் எதிரணி மைதானத்தில் போட்ட கோலுக்கே மதிப்பு அதிகம்; அந்த வெளியூர்க் கோல் கணக்கில் வில்லா இறுதிக்குப் போனது, அதாவது அந்த இரண்டு கோலில்.

வெம்ப்ளியில் இறுதி. லீட்ஸுக்கு எதிராக 3-0. மிலோஷெவிச், இயன் டெய்லர், கடைசியாக ஆட்டம் முடியும் தறுவாயில் யார்க். தேதி 1996 மார்ச் 24. கிரிஸ்டல் பேலஸிடம் தோற்ற அந்த முதல் ஆட்டம் நடந்து சரியாக ஆறு வருடம்.

எது காப்பாற்றியது?

இன்றைக்கு ஒரு கிளப் 128 ஆட்டங்களில் 27 கோல் போட்ட முன்கள வீரனுக்கு ஆறு சீசன் கொடுக்குமா? எனக்குச் சந்தேகம்தான். பாதியிலேயே லோனில், அதாவது வேறு கிளப்புக்கு இரவலாக, அனுப்பியிருப்பார்கள். இரண்டு மூன்று நாடு சுற்றி, எங்கேயும் ஒட்டாமல் ஊர் திரும்பியிருப்பான். வில்லா அதைச் செய்யவில்லை. நாலு மேனேஜர்களில் ஒருவர்கூட அவனை விற்கவில்லை. அதில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு குறைந்த விலைக்கு வாங்கியதால் வந்த நிதானம் என்று பிரித்துச் சொல்வது கடினம். 1,20,000 பவுண்டுக்கு வாங்கிய பையன்மேல் யாரும் அவசரப்படுவதில்லை. அவன் தோள்மேல் விலைச்சுமை இல்லை. கடைசியில் அவரை வாங்கியதைப்போல 105 மடங்குக்கு விற்றார்கள்.

எல்லாருக்கும் ஒரே பாதை இல்லை என்பதற்கு லாட்டாபி சாட்சி. 1989 அணியில் அவரைத்தான் பெரிய கலைஞன் என்று ஊர் கொண்டாடியது. அவர் போர்ச்சுகலுக்குப் போனார். கோயிம்ப்ராவின் அகாடெமிகா, பிறகு போர்ட்டோ. பந்தைத் தரையில் வைத்து ஆடும் போர்ச்சுகல் அவருக்கு உடனே ஒத்துப்போனது. யார்க் போன இடமோ அவரைத் தப்பான இடத்தில் வைத்தது, ஆனால் போகச் சொல்லவில்லை. அந்த ஆறு வருடத்தில் அவர் சிரித்த முகத்தோடுதான் இருந்தார் என்கிறார்கள். அந்தச் சிரிப்பு பின்னாளில் அவருடைய அடையாளமே ஆயிற்று. அதற்குள் செயின்ட் கிளேரின் கண்டிப்பும் சேர்ந்தே இருந்தது என்று நான் நம்புகிறேன். 12 ஆட்டம் மட்டும் கிடைத்த சீசனிலும் தினமும் பயிற்சிக்கு வந்து நிற்பது சிரிப்பால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

டொபேகோவில், பக்கோலெட் என்ற இடத்தில், இப்போது யார்க்கின் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. 2001-ல் அந்த நாடு நடத்திய 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டிக்காகக் கட்டியது.

அதற்கப்புறம் ஐந்து வருடம் கழித்து, 2006 ஜூன் 10, ஜெர்மனியின் டார்ட்மண்ட். டிரினிடாட் அண்ட் டொபேகோவின் முதல் உலகக் கோப்பை ஆட்டம், ஸ்வீடனுக்கு எதிராக. கேப்டன் யார்க். வயது 34, இப்போது விங்கிலும் இல்லை, முன்களத்திலும் இல்லை. டிஃபென்டர்களுக்கு முன்னால் காவல் நிற்கும் நடுக்கள வீரர். 1989 அணியிலிருந்து மிஞ்சிய இன்னொருவர் லாட்டாபி, பெஞ்சில். இரண்டாம் பாதி தொடங்கியதும் ஏவரி ஜான் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரோடு நின்று தாக்குப்பிடித்தார்கள். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. பதினாறரை வருடம் முன்னால் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அவர்களுக்குத் தேவைப்பட்ட அதே ஸ்கோர்.